பரிசோதனைக்கு மறுத்த கணவர்: ஹெபடைடிஸ் பி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழகத்தின் கடலோர மாவட்டம் ஒன்றில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையில், கர்ப்பிணி ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்த பின் அவருடைய குடும்பத்தினர் பரிசோதனைக்கு மறுத்ததையும், பிறகு பெரும்பாலோர் ஒவ்வொருவராக இசைந்ததையும் இந்தப் பதிவு விவரிக்கிறது. பெயர்களும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இதே வேலையில் இருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள், ஆய்வக நுட்பநர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

பின்னணி

மஞ்சள் காமாலை வைரஸ்களில் ஒன்றான ஹெபடைடிஸ் பி, எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் பல பத்தாண்டுகள் தங்கியிருக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் 25.4 கோடிப் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தனர், அவர்களில் 2.98 கோடிப் பேர் இந்தியர்கள். தமக்குத் தொற்று இருப்பதை அறிந்திருந்தவர்கள் உலக அளவில் 13 விழுக்காட்டினர் மட்டுமே. இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே மக்கள் பரிசோதனைக்கு வராததற்குப் பணமில்லாமையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

எங்கள் அனுபவத்தில் யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. “சாப்பிட்டுட்டு வந்துட்டேனே” என்பார்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்று சொன்னால், “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்” என்பார்கள், அதன்பின் வரமாட்டார்கள். ஓ.பி. சீட்டில் மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனை ஆய்வகப் பதிவேட்டில் ஏறவே இல்லை என்பது, யாராவது தேடிப் பார்த்தால்தான் தெரியவரும். மறுத்தவர்களுக்கென்று தனிக் கணக்கு எதுவும் மருத்துவமனையில் இல்லை.

மருத்துவமனையில் அப்போது இருந்த நடைமுறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளிடம் எடுக்கப்படும் ஒரே குழாய் ரத்தத்தில் பல பரிசோதனைகள் நடக்கின்றன. எச்.ஐ.வி.க்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுகிறார், ஒப்புதல் வாங்குகிறார், முடிவைத் தனியாகச் சொல்கிறார். அதே குழாயிலிருந்து ஒரு சொட்டு ஹெபடைடிஸ் பி பட்டையில் விழும்போது அதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் அப்போதெல்லாம் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நிலைமை இன்னும் வெளிப்படையானது: குடலிறக்க அறுவைக்கு வந்தவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் அன்றைய பட்டியலின் கடைசிக்கு அவர் போவார், கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் எழுதப்படும், தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும், கல்லீரலுக்கு எங்கே போய்க் காட்ட வேண்டும் என்று சொல்ல மறந்துபோகும். பரிசோதனை தன் நலனுக்காகவா, மருத்துவமனையின் பாதுகாப்புக்காகவா என்ற ஐயம் நோயாளிக்கு எழுவதில் வியப்பில்லை. கீழே வரும் நிகழ்வைப் படிக்கும்போது இந்த ஐயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் முடிவு

அந்தப் பெண்ணுக்கு வயது 26, இரண்டாவது கர்ப்பம். மூத்த பெண் குழந்தைக்கு நான்கு வயது. அது வேறொரு மாவட்டத்தில் தனியார் நர்சிங் ஹோமில் பிறந்தது. அப்போதும் ரத்தம் எடுத்ததாக அவருக்கு நினைவிருந்தது. முடிவு எழுதிய தாள் எதுவும் கையில் இல்லை. இந்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பதிவு செய்து, 14-ஆம் வாரத்தில் ரத்தம் கொடுத்தார். முடிவு வாங்கப் போனபோது கூட்டம் நிற்கும் ஜன்னலில், “உங்களுக்கு பாசிட்டிவ்னு வந்திருக்கு, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லி ஒரு சீட்டைத் தந்திருக்கிறார்கள். என்ன பாசிட்டிவ் என்று அவர் கேட்கவில்லை. தமக்கு எய்ட்ஸ் என்றே எண்ணிக்கொண்டு வீடு திரும்பினார்.

வீட்டில் யாரிடமும் சொல்லாமல், தொலைபேசியையும் எடுக்காமல் இருந்தவரைக் கிராம சுகாதார செவிலியர் நேரில் தேடிச் சென்றார். கொல்லைப்புறத்தில் வைத்து, இது வேறு நோய் என்பதையும், குழந்தைக்கு வராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்பதையும் அவர் விளக்கிய பிறகுதான் அந்தப் பெண் எங்களிடம் வரச் சம்மதித்தார். இந்தச் செவிலியர் இல்லாவிட்டால் இந்தப் பதிவு இத்துடன் முடிந்திருக்கும்.

முதல் சந்திப்பில் கண்டவை

16-ஆம் வாரத்தில் மாமியாருடனும் செவிலியருடனும் அவர் வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் நீர் இல்லை, கல்லீரல் நொதிகள் இயல்பான அளவில் இருந்தன. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் இல்லை. வைரஸ் தீவிரமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜென் இருந்தது. வைரஸ் அளவைக் கணக்கிட ரத்த மாதிரி மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. முடிவு தாமதமாகவே வந்தது. மாத்திரை தொடங்குவதற்கான, ஒரு மில்லிலிட்டருக்கு 2,00,000 அலகுகள் என்ற எல்லையை அது பெரிதும் தாண்டியிருந்தது.

மாமியார் இதை ஏற்கவில்லை. “கண்ணு மஞ்சளாவே இல்லையே, அப்புறம் என்ன காமாலை?” என்று கேட்டார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்துப் பத்தியம் வைத்தால் போய்விடும் என்பது அவர் வாதம். கீழாநெல்லியை ஏளனமாகப் பேசக்கூடாது என்பது என் கருத்து. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அந்தச் செடியை ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்து, பலன் கண்டதாக லான்செட் இதழில் எழுதினர். உலகமே அதைக் கவனித்தது. பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. இதை அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னோம். அவர் முழுதாக நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சை நிறுத்தாமல் கேட்டார். கீழாநெல்லி பெரும்பாலும் எதற்குப் பலிப்பதுபோலத் தெரிகிறது என்பதையும் விளக்கினோம்: தண்ணீர், உணவு வழியே வரும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குத் தாமாகவே சில வாரங்களில் வடிந்துவிடும், மருந்து கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருத்துவ முடிவுகளில் குழப்பம் எதுவும் இல்லை. இ-ஆன்டிஜென் உள்ள தாயிடமிருந்து, தடுப்பு எதுவும் செய்யாவிட்டால், 70 முதல் 90 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்று போய்விடும். பிறந்தவுடன் தொற்றிக்கொண்டால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் தொற்றாகிவிடும். ஆகவே 28-ஆம் வாரத்திலிருந்து தினமும் வைரஸ் தடுப்பு மாத்திரையான டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், பிரசவம் எங்கள் மருத்துவமனையிலேயே, குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் என்று முடிவு செய்தோம். இம்யூனோகுளோபுலின் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்கும் பொருளாக இல்லாததால், அதற்கான கோரிக்கையை அப்போதே அனுப்பினோம். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதையும் அன்றே குறித்து வைத்தோம். இரண்டையும் பின்னால் பலர் பலவிதமாகச் சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சிக்கல் குடும்பத்தினரின் பரிசோதனையில்தான் இருந்தது. கணவர், மூத்த குழந்தை, பெண்ணின் தாய், தம்பி ஆகிய நால்வரும் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள். வழக்கமாகக் கணவரைத்தான் முதலில் அழைப்போம். கணவர் வளைகுடா நாடொன்றில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து, வேறு கம்பெனிக்கு மாறுவதற்காக ஊர் வந்திருந்தார். அழைத்தபோது வந்தார், மரியாதையாகப் பேசினார், ரத்தம் கொடுக்க மட்டும் மறுத்தார்.

கணவரின் மறுப்பு

ஆலோசகர் அவசரப்படுத்தாமல் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டபோது அவர் சொன்னது, மருத்துவமனையில் பலரும் மனத்துக்குள் வைத்திருப்பதை வெளியே கொண்டுவந்தது: “எனக்கு இருக்குன்னு வந்தா விசா போச்சு. இல்லேன்னு வந்தா, அப்ப இவளுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு எங்கம்மா கேப்பாங்க. எது வந்தாலும் நட்டம்தான் சார். அதுக்குத் தெரியாமயே இருந்துட்டுப் போறேன்.”

அவருடைய கணக்கில் பிழை காண எங்களால் முடியவில்லை. வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி ஆன்டிஜென் (தொற்றைக் காட்டும் வைரஸ் புரதம்) இருந்தால் தகுதியில்லை என்றே எழுதுவார்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது. எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் ‘மெடிக்கல் அன்ஃபிட்’ ஆகித் திரும்பிய ஒருவரைப் பற்றிய கதை உண்டு. இத்தகைய ஒருவரிடம் விழிப்புணர்வுத் துண்டறிக்கையை நீட்டுவதால் பயன் எதுவும் இல்லை. அவருக்கு விழிப்புணர்வு போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். முதலாவது, வரிசையை மாற்றுவது. பெண்ணுக்கு இ-ஆன்டிஜென் இருந்ததும், வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தும் கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்ததும், தொற்று பிறப்பிலோ சிறுவயதிலோ வந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டின. இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் 2002-இல்தான் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனை முறையில் நுழைந்தது. நாடு முழுவதும் வந்தது 2011-இல். இவர் அதற்கு முன்பே பிறந்தவர். ஆகவே கணவருக்கு முன் பெண்ணின் தாயைப் பரிசோதிப்பது என்று தீர்மானித்தோம். அவருக்குத் தொற்று இருந்தால், ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு யார் நடத்தையையும் இழுக்காத ஒரு விடை கிடைக்கும். இல்லாவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை.

தாய் அடுத்த நாளே வந்தார். “எம் பொண்ணுக்காகன்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்று கையை நீட்டியவரிடம், இது உங்களுக்காகவும்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தொற்று இருந்தது. ஐம்பதைக் கடந்த அவருக்கு நொதிகள் உயர்ந்திருந்தன. மேல் பரிசோதனையில் கல்லீரலில் தழும்பு படியத் தொடங்கியிருப்பதும் தெரிந்தது. அசதியை வயதின் மேல் போட்டுவிட்டு வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். மாத்திரை உடனே தொடங்கப்பட்டது; அநேகமாக வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும்.

அவருடைய முடிவை அவர் அனுமதியின்றி மருமகனிடம் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அவரிடம் கேட்டோம், தாமே சொல்வதாகக் கூறினார். ஓ.பி. தாழ்வாரத்தில் மருமகனையும் சம்பந்தியையும் நிறுத்தி, “மாப்ளே, இது என் ரத்தத்துலேருந்து வந்தது. எம் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல” என்று அவர் சொன்னார். ‘பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்’ என்று மட்டுமே நாங்கள் அவரிடம் கூறியிருந்தோம். உறுதியாக நிரூபிக்க எங்களிடம் வழியில்லை. அவர் அதைத் தீர்ப்பாக மாற்றிச் சொன்னபோது அந்த இடத்தில் திருத்துவது தேவையென்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது முடிவு, தடுப்பூசியைப் பரிசோதனையோடு கட்டிப்போடாமல் இருப்பது. பரிசோதனை செய்துகொள்ளாதவருக்கும் தடுப்பூசி போடலாம். ஏற்கெனவே தொற்று இருந்தால் அது பலன் தராது, கெடுதலும் செய்யாது. இதைச் சொன்னதும் கணவரின் முகம் தெளிந்தது; “அப்ப ஊசியை இன்னைக்கே போட்ருங்க, ரத்தம் வேணாம்” என்றார். இங்கே ஒரு நுணுக்கம் குறுக்கிட்டது. தடுப்பூசியில் இருப்பதே வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென்தான். போட்ட பின் இரண்டு மூன்று வாரம் வரை சிலருக்கு அது ரத்தத்தில் தென்பட்டு, தொற்று இல்லாதவருக்கும் பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்று காட்டிவிடக்கூடும். அவருடைய வளைகுடா மெடிக்கல் அடுத்த பத்து நாட்களுக்குள் இருந்தது.

இதை மறைத்து ஊசியைப் போட்டிருந்தால் எங்கள் கணக்கில் ஒரு தவணை ஏறியிருக்கும். அவர் வேலை போயிருக்கவும் கூடும். உள்ளதைச் சொன்னோம்: தடுப்பூசி இப்போது வேண்டாம், மெடிக்கல் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள், மெடிக்கலில் எப்படியும் இதே பரிசோதனையைச் செய்வார்கள், ஆகவே ஏஜெண்டுக்கு மீதிப் பணம் கட்டும் முன் முடிவை இங்கே தெரிந்துகொள்வது உங்களுக்கு லாபம், முடிவு உங்கள் கையில் மட்டும் தரப்படும், எந்தக் கம்பெனிக்கும் தூதரகத்துக்கும் இங்கிருந்து கடிதம் போகாது. அவர் அன்று சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, காலை ஓ.பி. கூட்டம் வருமுன், தனியாக வந்து ரத்தம் கொடுத்தார். ஊசி போட மறுத்து, அதற்கான காரணத்தையும் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது என்று பின்னர் ஆலோசகரிடம் கூறியிருக்கிறார்.

ஆன்டிஜென் இல்லை. தொற்று வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பொருளும், பாதுகாப்பைக் காட்டும் எதிர்ப்பொருளும் இருந்தன. அதாவது அவருக்கு எப்போதோ தொற்று வந்து, உடல் அதை வென்றிருக்கிறது. வயதுவந்தவர்களில் 95 விழுக்காட்டினருக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது; கைக்குழந்தைக்கு நேர் எதிராக. தடுப்பூசி தேவையில்லை என்று சொன்னோம். பிற்காலத்தில் புற்றுநோய் மருந்தோ நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ எடுக்க நேர்ந்தால் இந்த முடிவை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தோம், ஏனெனில் அடங்கிக் கிடக்கும் வைரஸ் அப்போது மீண்டும் தலைதூக்கலாம். மெடிக்கலில் தேறி அவர் வெளிநாடு போய்ச் சேர்ந்தார்.

வார்டில் நடந்தது

33-ஆம் வாரத்தில் வயிற்றுவலியோடு அந்தப் பெண் பிரசவ வார்டில் சேர்க்கப்பட்டார். அதுவரை எல்லாப் பரிசோதனைக்கும் மறுப்பின்றி இசைந்தவர், மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவர், அடுத்த நாள் காலையில் கட்டிலில் இல்லை. கேஸ் ஷீட்டில் ‘ஆப்ஸ்காண்டட்’ (சொல்லாமல் போய்விட்டார்) என்று எழுதப்பட்டது.

என்ன நடந்தது என்று விசாரித்தபோது தெரியவந்தது இதுதான். கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, கட்டிலை மாற்றச் சொல்லிக் கேட்டார். உணவு கொண்டுவந்த பணியாளர் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். கழிவறைக்கும் தனி இடம் காட்டப்பட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை என்று வார்டில் எங்களுக்கு உறுதியாகச் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம்.

செவிலியர்களின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. தடுப்பூசி போடாத ஒருவருக்குத் தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. உலர்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாட்கள் வரை பிழைத்திருக்கும். ஆனால் தட்டு, தொடுதல், கழிவறை வழியாக இது பரவாது. அந்த வார்டில் மூன்று தவணைத் தடுப்பூசியையும் முடித்திருந்தவர்கள் யார் என்று கேட்டபோது பலருக்குத் தம் நிலையே தெரியவில்லை. சிவப்பு எழுத்து அவர்களைக் காப்பதாக அவர்கள் நம்பினார்கள். இங்கே எனக்குச் சக மருத்துவர்கள் சிலரோடு கருத்து வேறுபாடு உண்டு: பரிசோதனையைக் கட்டாயமாக்கி எல்லோரையும் அடையாளமிட்டால் போதும் என்பது அவர்கள் நிலை. ஆனால் அடையாளமிடப்படாத நோயாளியிடம் கையுறை தளர்வதும், பரிசோதனைக்கே வராமல் நழுவுவோர் கூடுவதும்தான் அதன் விளைவு. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள்வது, ஊழியர் அனைவருக்கும் தடுப்பூசி முடிப்பது ஆகிய இரண்டுக்கும் அந்தச் சிவப்பு மை மாற்றாகாது.

அந்தப் பெண்ணை மீண்டும் அழைத்துவந்தவரும் அதே கிராம சுகாதார செவிலியர்தான். “அந்த வார்டுக்கு மட்டும் வரமாட்டேன்” என்ற நிபந்தனையோடு வந்தார். கேஸ் ஷீட் முகப்பில் எதுவும் எழுதக் கூடாது, விவரம் உள்பக்கத்தில் சிகிச்சைக் குறிப்புகளோடு இருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் ஒப்புதலோடு மாற்றினோம். பிரசவ வார்டுப் பொறுப்புச் செவிலியர் தாமாகவே அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, “நான் இருக்கும்போது வாம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

பிரசவமும் அதன் பின்னும்

38-ஆம் வாரத்தில் இயல்பான பிரசவம், ஆண் குழந்தை. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் போடப்பட்டன. அன்று விடுமுறை நாள். ஊசி மருந்து பிரசவ அறைக் குளிர்பெட்டியிலேயே, அவருடைய பிக்மி எண் எழுதி, முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்ததால் மருந்துக்கிடங்குச் சாவிக்காகக் காத்திருக்க நேரவில்லை. தாய்ப்பால் உடனே தொடங்கியது. 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் (ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான) ஊசிகள் தவறாமல் போடப்பட்டன. தாய்க்கு மாத்திரை பிரசவத்துக்குப் பின் மூன்று மாதத்தில் நிறுத்தப்பட்டு, நொதிகள் உயர்கின்றனவா என்று கண்காணிக்கப்பட்டது, உயரவில்லை. குழந்தையின் பத்தாவது மாதத்தில் பரிசோதித்தபோது ஆன்டிஜென் இல்லை. பாதுகாப்பு எதிர்ப்பொருள் தேவையான 10 அலகுக்கு வெகு மேலே இருந்தது.

மூத்த குழந்தை

இதுவரை முடிந்த பரிசோதனைகளில் கடைசிவரை தள்ளிப்போனது இதுதான். இம்முறை மறுத்தவர் தாயே. தம் பரிசோதனைகளுக்கெல்லாம் மறுப்பின்றி இசைந்த அவர், மகளின் பேச்சை எடுத்தால் “அவளுக்குத்தான் எல்லா ஊசியும் போட்டாச்சே” என்று முடித்துவிடுவார். தடுப்பூசி அட்டையில் பென்டாவேலன்ட் மூன்றும் பதிவாகியிருந்தன. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தவணைக்கான கட்டம் காலியாக இருந்தது. இம்யூனோகுளோபுலின் பற்றிய பேச்சே இல்லை. அந்தக் காலியான கட்டத்தை அவரும் பார்த்திருக்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்ததால் வற்புறுத்தவில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரம் அது. முடிவு தெரிந்தால் பள்ளியில் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற அச்சமும் சேர்ந்திருந்தது. சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கு அதைக் கேட்கும் தேவையும் இல்லை என்று ஆலோசகர் தெளிவுபடுத்தினார்.

தம்பிப் பாப்பாவுக்கு ஆறாவது வார ஊசி போட வந்த நாளில், யாரும் கேட்காமலேயே, “இவளுக்கும் எடுத்துடுங்க” என்றார். மகளுக்குத் தொற்று இருந்தது. நொதிகள் இயல்பாக உள்ளதால் இப்போது மருந்து தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நடக்கிறது. குழந்தையின் பல்துலக்கியும் நகவெட்டியும் தனியாக வைத்துக்கொள்வது, காயம் பட்டால் மூடிக் கட்டுவது என்பவற்றைத் தவிர வீட்டில் வேறு கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம் என்று பாட்டியையும் உட்கார வைத்துச் சொன்னோம். முதல் கர்ப்பத்தில் முடிவு தெரிந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாமா என்று தாய் கேட்டார். பெரும்பாலும் தடுத்திருக்கலாம் என்றே பதில் சொன்னோம்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

இப்போது கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுக்கும் முன், எச்.ஐ.வி.க்கான ஆலோசனையிலேயே ஹெபடைடிஸ் பி பற்றியும் பேசப்படுகிறது: எதற்காக எடுக்கிறோம், இருந்தால் குழந்தைக்கு என்ன செய்ய முடியும், முடிவை யார் பார்ப்பார்கள் என்ற மூன்று செய்திகளும் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியவைதான். இதனால் மறுப்பவர்கள் கூடிவிடுவார்கள் என்று ஆய்வகத்தில் அஞ்சினார்கள். எங்கள் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை, கேள்விகள்தான் கூடின. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஜன்னல் வழியே முடிவு சொல்வது இன்னும் முழுதாக நிற்கவில்லை. தனி அறை இல்லாத கட்டடங்களில் அது எளிதாக நிற்கவும் போவதில்லை. முடிவைத் தாளில் மடித்துக் கொடுத்து, செவிலியர் வழியே வீட்டில் விளக்குவதை இடைக்கால ஏற்பாடாக வைத்திருக்கிறோம்.

கணவர்களைப் பரிசோதனைக்கு அழைப்பது நம்பிக்கை மையத்தின் வாசலில் நடந்துவந்தது. அந்தப் பெயர்ப்பலகையின்கீழ் ஊர்க்காரர்கள் கண்ணில் பட யாரும் விரும்புவதில்லை. ஆகவே பொது மருத்துவ ஓ.பி.யில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் அதே மேசைக்கு அதை மாற்றினோம். வெளிநாடு செல்ல இருப்பவரா என்று முதலிலேயே கேட்பதும், தடுப்பூசிக்கும் மெடிக்கலுக்கும் இடையே ஒரு மாதமாவது விட வேண்டும் என்பதைச் சொல்வதும் வழக்கமாகியுள்ளன. பிரசவ வார்டில் ஊழியர் தடுப்பூசி முடிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே கேஸ் ஷீட் முகப்பில் சிவப்பு எழுத்தும் இன்னும் தொடர்கிறது. தொற்று தெரிந்த அறுவை நோயாளியை ஹெபடைடிஸ் சிகிச்சைப் பிரிவின் சீட்டு இல்லாமல் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது என்ற அளவுக்கு மட்டும் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் பெண்ணின் தம்பி மட்டும் இன்னும் பரிசோதிக்கப்படவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை; திருமணப் பேச்சு நடக்கிறது. அக்கா பேசும்போதெல்லாம் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அக்காவின் மூலம் அனுப்பப்பட்டுள்ளது. நாங்கள் நேரடியாகத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், தானே பேசிக் கூட்டிவருவதாக அக்கா கேட்டுக்கொண்டதால் அழைக்கவில்லை.